மின்னஞ்சல் நோமிக்கில் நடுவராக உட்கார்ந்தால்: தீர்ப்பு சொல்வதற்கான முழுமையான வழிகாட்டி

விதிகளையே மாற்றி மாற்றி ஆடும் நோமிக் ஆட்டத்தை நன்றாக ஆடுகிறவர்கள்கூட நடுவர் பொறுப்பு வந்ததும் தடுமாறுகிறார்கள். கோலாலம்பூர், பினாங்கு நண்பர்கள் சேர்ந்து மின்னஞ்சலில் ஆடும் ஆட்டத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சண்டை எதைப் பற்றியது என்று பிடிபடுவதற்கு முன்பே "யார் பக்கம் நியாயம்" என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நியாயத்துக்கும் இடம் உண்டு, ஆனால் அது வரிசையில் கடைசி.

ஆடிப் பழகாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் முறை வரும்போது ஒரு விதியை மாற்ற, சேர்க்க அல்லது நீக்க முன்மொழிகிறீர்கள், எல்லோரும் வாக்களிக்கிறார்கள், நிறைவேறினால் அடுத்தவர் புதிய விதியின்படி ஆட வேண்டும். நாங்கள் வைத்திருப்பது பீட்டர் சூபர் உருவாக்கிய தொடக்க விதித் தொகுப்பு. 101 முதல் 116 வரை மாறா விதிகள், 201 முதல் 213 வரை மாறும் விதிகள். முன்மொழிவுகளுக்கு 301 முதல் வரிசையாக எண். கீழே வரும் எண்கள் அந்தத் தொகுப்பின் எண்கள்.

1. சண்டை வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

முதலில், இன்றைய தேதியிட்ட விதிப் புத்தகம். எந்த விதி எப்போது வந்தது, எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பு ஒவ்வொன்றின் கீழும் இருக்க வேண்டும். விதி 106இன்படி, ஒரு மாற்றம் வாக்கெடுப்புக்கு விடப்பட்ட அதே சொற்களில்தான் செல்லும். ஆகவே பதிவாளர் (விதிப் புத்தகத்தைப் பராமரிப்பவர்) பிறகு தொகுத்து வைத்த கோப்பில் ஒரு சொல் மாறியிருந்தால், வாக்கெடுப்புக்கு வந்த மடலில் உள்ள சொல்லே செல்லும். கோப்பை நம்பித் தீர்ப்பு எழுதிவிட்டு, பழைய மடலை யாராவது எடுத்துக் காட்டியதும் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆட்ட வரிசை. அஞ்சல், கணினி ஆட்டங்களில் குடும்பப் பெயரின் அகரவரிசையில் ஆட வேண்டும் என்கிறது விதி 201. நம்மில் யாருக்கு ஐயா குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் நம் பெயர், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பெயர். அப்பா பெயரைக் கொள்வதா, சொந்தப் பெயரா, தமிழ் அகரவரிசையா, ஆங்கில எழுத்து வரிசையா என்பதை முதல் முன்மொழிவுக்கு முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வையுங்கள். நடுவர் யார் என்பதே இந்த வரிசையை வைத்துத்தான் முடிவாகிறது. வரிசையே சண்டையில் இருந்தால் தீர்ப்பு சொல்ல ஆள் கிடைக்காது.

மூன்றாவது, எது "ஆட்டத்துக்குள்" நடந்தது என்பதற்கான எல்லை. மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே "சரி, என் ஓட்டு உனக்குத்தான்" என்று சொன்னது வாக்கா? வாட்ஸ்அப்பில் போட்ட "ஓகே லா"? மடலுக்கு ரிப்ளை ஆல் செய்யாமல் ஒருவருக்கு மட்டும் போன பதில்? ஜிமெயிலில் போட்ட கட்டைவிரல் குறி? தொடக்க விதிகள் இவை எதைப் பற்றியும் பேசுவதில்லை. "எல்லா ஆட்டக்காரருக்கும் போகும் மடலில் எழுதியது மட்டுமே செல்லும்" என்று ஒரு விதி சீக்கிரமே வந்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

2. நடுவர் நீங்கள்தானா என்று பாருங்கள்

விதி 212இன்படி, யாருடைய முறை நடக்கிறதோ அவருக்கு முந்தைய ஆட்டக்காரரே நடுவர். ஒரே ஒருவர் பிடிவாதமாக ஆட்சேபித்தாலும் கருத்து வேறுபாடு உண்டு என்றே பொருள். பெரும்பான்மை ஆட்சேபிக்கத் தேவையில்லை. தன் முறையிலோ தன் அணிக்காரர் முறையிலோ ஒருவர் நடுவராக இருக்கக் கூடாது.

இங்கே புதியவர்கள் மறப்பது: 212 ஒரு மாறும் விதி. உங்கள் ஆட்டத்தில் அது எப்போதோ திருத்தப்பட்டிருக்கலாம். சுழற்சி முறையில் நடுவர், குலுக்கலில் நடுவர் என்றெல்லாம் மாற்றிய ஆட்டங்கள் உண்டு. மனப்பாடமாகத் தெரிந்த 212ஐ மறந்துவிட்டு, இன்று நடப்பில் உள்ள 212ஐ எடுத்துப் படியுங்கள்.

பொறுப்பை ஏற்றதும் ஒரு சிறு மடல் போட்டுவிடுங்கள்: "தீர்ப்பு கோரப்பட்டுள்ளது. அடுத்த முறையைத் தொடங்க மற்றவர்களில் பெரும்பான்மையினர் சம்மதம் வேண்டும்." மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினால் இது தானாக எல்லோருக்கும் தெரியும். மின்னஞ்சலில் தெரியாது. அடுத்தவர் பாட்டுக்குத் தன் முன்மொழிவை அனுப்பிவிடுவார், அதன்மேல் இரண்டு பேர் வாக்கும் போட்டுவிடுவார்கள், நீங்கள் ஒன்றுக்கு இரண்டு வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும்.

3. கேள்வியை ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள்

இதிலிருந்து ஒரு வழக்கை வைத்துக்கொண்டு போவோம். பல சண்டைகளின் துண்டுகளை ஒட்டி நானே செய்த எடுத்துக்காட்டு.

ஆறு பேர் ஆட்டம், அதில் ஒருவர் சென்னையில் இருக்கிறார். மூன்றாம் சுற்று நடக்கிறது, ஆகவே விதி 203இன்படி இப்போது பெரும்பான்மை போதும். விதி 305 இப்படி இருக்கிறது: "முன்மொழிவு வந்த மறுநாளிலிருந்து ஏழாம் நாள் இரவு 11.59க்குள் வாக்கு அனுப்ப வேண்டும். பொது விடுமுறை நாள் கணக்கில் சேராது. அதற்குப் பின் வரும் வாக்கு எதிர்ப்பு வாக்காகக் கொள்ளப்படும்."

செந்தூல் அண்ணன் (கோலாலம்பூர்) ஜூன் 30 அன்று முன்மொழிவு 315ஐ அனுப்புகிறார். ஏழாம் நாள் ஜூலை 7. ஜூலை 7 பினாங்கு மாநிலத்தில் விடுமுறை, ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகர தினம். கோலாலம்பூரில் வேலை நாள். பட்டர்வொர்த் தம்பி (பினாங்கு) ஜூலை 8 காலை 9.40க்கு ஆதரவு வாக்கு அனுப்புகிறார். அதற்குள் அண்ணனையும் சேர்த்து நான்கு ஆதரவு, ஓர் எதிர்ப்பு வந்துவிட்டன.

வேடிக்கை என்னவென்றால், தன் வாக்கு தாமதம் என்று வாதாடுவது தம்பியேதான். விதி 204இன்படி, நிறைவேறிய முன்மொழிவை எதிர்த்தவருக்கு 10 புள்ளி. தாமத வாக்கு எதிர்ப்பாக மாறினால் அவருக்குச் சும்மா 10 புள்ளி கிடைக்கும். அண்ணனுக்கோ அது நஷ்டம். மின்னஞ்சல் ஆட்டத்தில் முன்மொழிவு எண்ணிலிருந்து 291ஐக் கழித்து, வந்த மீதியை ஆதரவு வாக்கு விகிதத்தால் பெருக்கினால் கிடைப்பது அவருடைய புள்ளி. 315இல் 291 போக 24. ஆறில் ஐந்து ஆதரவு என்றால் 20 புள்ளி, ஆறில் நான்கு என்றால் 16.

இருபது மடல் பறக்கும். "தம்பி ஏமாற்றுகிறான்", "305 ஒரு ஓட்டை விதி", "சென்னையில் இருக்கிறவருக்குப் பொங்கல் விடுமுறையும் உண்டா?" இவற்றில் நீங்கள் தீர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஜூலை 8 அன்று வந்த அந்த வாக்கு காலக்கெடுவுக்குள் வந்ததா?

ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல முடிகிற வடிவம் முக்கியம். "305ஐ எப்படிப் புரிந்துகொள்வது?" என்று கேள்வியைத் திறந்து வைத்தால், தீர்ப்பு என்ற பெயரில் நீங்கள் ஒரு புதிய விதியை எழுதிவிடுவீர்கள். விதி எழுதும் அதிகாரம் நடுவருக்கு இல்லை. கேள்வியை எழுதி இரு தரப்புக்கும் அனுப்பி, "சண்டை இதுதானே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில சமயம் இந்த மடலோடு சண்டையே முடிந்துவிடும்.

4. நடந்ததை மணிக்கணக்கில் வரிசைப்படுத்துங்கள்

விதியைத் திறப்பதற்கு முன் நடந்தது என்ன என்று பட்டியல் போடுங்கள். எந்த விதி பொருந்தும் என்பது எந்தக் கணத்தில் நடந்தது என்பதைப் பொறுத்தது. விதி 107இன்படி, எந்த மாற்றமும் பின்னோக்கிச் செல்லாது. வாக்கு போட்ட பிறகு, தீர்ப்புக்கு முன்னால் ஒரு விதி மாறியிருந்தால், வாக்கு போட்ட கணத்தில் இருந்த விதியே அந்த வாக்குக்குப் பொருந்தும்.

ஃபார்வர்ட் செய்த மடலைச் சான்றாக எடுக்காதீர்கள். அதில் எதை வேண்டுமானாலும் திருத்தலாம். உங்கள் பெட்டிக்கு நேராக வந்த மடலைத் திறந்து, ஜிமெயிலாக இருந்தால் "ஷோ ஒரிஜினல்" அழுத்துங்கள். அங்கே இரண்டு வகை நேரம் தெரியும். "டேட்" வரியில் இருப்பது பொதுவாக அனுப்பியவரின் கருவி போட்ட நேரம். கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால் இதுவும் தவறு. "ரிசீவ்ட்" வரிகளில் இருப்பது வழியில் உள்ள சர்வர்கள் போட்ட நேரம். இரண்டும் சில விநாடி வித்தியாசத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. மணிக்கணக்கில் விலகினால், எந்த நேரம் செல்லும் என்று உங்கள் விதிகள் சொல்கின்றனவா என்று தேடுங்கள்.

நேர வலயத்தையும் கவனியுங்கள். மலேசிய மடலில் +0800 என்றும் இந்திய மடலில் +0530 என்றும் இருக்கும். சென்னையில் இரவு 10 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றி எழுதிய பிறகே ஒப்பிடுங்கள்.

நம் வழக்கில் நேரத்தில் சண்டை இல்லை. 9.40 என்பதை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டதைத் தீர்ப்பில் ஒரு வரியில் எழுதிவிட்டு நகருங்கள்.

5. விதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

பொருந்தும் விதிகளை மடலில் அப்படியே ஒட்டுங்கள். சுருக்காதீர்கள். சுருக்கும்போது உங்களை அறியாமலே தீர்ப்பு உள்ளே நுழைந்துவிடும்.

305இல் சண்டைக்குரிய சொல் "பொது விடுமுறை". நாடு முழுவதுமா, ஒரு மாநிலமா என்று அது சொல்லவில்லை. மூன்று வாசிப்பு சாத்தியம். ஒன்று, நாடு முழுவதற்குமான விடுமுறை மட்டும். இரண்டு, ஆட்டக்காரர் ஒருவர் இருக்கும் மாநிலத்தில் விடுமுறை என்றால் எல்லோருக்கும் அந்த நாள் கழியும். மூன்று, அவரவர் மாநில விடுமுறை அவரவருக்கு மட்டும்.

இந்தக் கட்டத்தில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். வாசிப்புகளை அடுக்கி வைப்பதோடு நிறுத்துங்கள். புதியவர் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எழுதி, மற்றவை இருப்பதையே சொல்லாமல் விடுவார். தோற்றவர் அந்த விடுபட்ட வாசிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்.

விதி 116 பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். "தடுக்கப்படாதது அனுமதிக்கப்பட்டது" என்ற அதன் முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாம் பாதியில் ஒரு விலக்கு இருக்கிறது: விதிகளை மாற்றுவது மட்டும், ஏதாவது ஒரு விதி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ அனுமதித்தால்தான் செல்லும். "எழுத்துப் பிழையைத் திருத்தக் கூடாது என்று எங்கேயும் இல்லையே" என்று சொல்லிப் பதிவாளர் ஒரு காற்புள்ளியை நகர்த்தினால், அது விதி மாற்றம். 116 அவரைக் காப்பாற்றாது.

6. உண்மையிலேயே முரண்பாடா?

இரண்டு விதிகளையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க முடியும் என்றால் அங்கே முரண்பாடு இல்லை. ஒரு விதி இன்னொன்றின்மேல் ஒரு நிபந்தனை கூட்டுவதை முரண்பாடு என்று நினைத்து, முன்னுரிமை விதிகளுக்குத் தாவுவது மிகச் சாதாரணமான பிழை.

முரண்பாடு இருந்தால் வரிசை இது. மாறா விதியும் மாறும் விதியும் மோதினால் மாறா விதி வெல்லும், மாறும் விதி முழுக்கச் செல்லாமல் போகும் என்கிறது 110. "முழுக்க" என்பதில் கண் வையுங்கள். மோதும் வரியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை உங்களால் காப்பாற்ற முடியாது. ஒரே வகை விதிகள் மோதினால் 211. ஏதாவது ஒரு விதி தன்னைப் பற்றி "இன்னதற்கு நான் அடங்குவேன்" அல்லது "இன்னதற்கு நான் மேல்" என்று சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். சொல்லவில்லை என்றால், அல்லது இரண்டுமே ஒன்றுக்கொன்று மேல் என்றோ அடங்குவேன் என்றோ சொன்னால், சிறிய எண் வெல்லும்.

நம் வழக்கில் கெட்டிக்காரர் ஒருவர் இதைக் கிளப்பலாம்: மாறா விதி 105 ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் பங்கெடுக்க வேண்டும் என்கிறது. கெடுவுக்குள் வராத வாக்கை எதிர்ப்பாகக் "கொள்வது" பங்கெடுப்பாகுமா? ஆகாது என்றால் 305 முழுவதும் போய்விடுமே? நல்ல கேள்வி. ஆனால் இந்த வழக்கில் தம்பி வாக்கு அனுப்பியிருக்கிறார், 105ஐ யாரும் கிளப்பவும் இல்லை. கிளப்பாததை நடுவர் தானாக எடுத்துத் தீர்க்கக் கூடாது. கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

7. விதி வாய் திறக்காத இடத்தில்: வழக்கமும் ஆட்டத்தின் நோக்கமும்

விதிகள் பேசாமல் இருந்தாலோ, ஒன்றோடொன்று ஒவ்வாமல் இருந்தாலோ, தெளிவில்லாமல் இருந்தாலோ, நடுவர் வேறு அளவுகோல்களுக்குப் போகும் முன் ஆட்ட வழக்கத்தையும் ஆட்டத்தின் நோக்கத்தையும் கருத வேண்டும் என்கிறது 212. நான் வழக்கத்தை முதலில் பார்ப்பேன். மடல்களில் சான்று கிடைக்கும் என்பதுதான் காரணம். நோக்கம் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

வழக்கம் என்று சொல்ல மூன்று வேண்டும். எல்லோருக்கும் தெரியும்படி நடந்திருக்க வேண்டும். யாரும் ஆட்சேபித்திருக்கக் கூடாது. இப்போது சண்டை போடுகிறவர்களும் அதன்படி நடந்திருக்க வேண்டும்.

பழைய மடல்களைத் தேடுகிறோம். முன்மொழிவு 308இன் கடைசி நாள் பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம். கோலாலம்பூரில் விடுமுறை, பினாங்கில் இல்லை. பதிவாளர் அன்று எல்லோருக்கும் மடல் போட்டிருக்கிறார்: "இன்று விடுமுறை, நாளை இரவு வரை வாக்கு போடலாம்." யாரும் மறுக்கவில்லை. அதைவிட முக்கியம், பட்டர்வொர்த் தம்பியே பிப்ரவரி 2 அன்றுதான் வாக்கு போட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை நடந்தது என்பது பொதுவாக மெலிந்த வழக்கம்தான். ஆனால் தன் மாநிலத்தில் இல்லாத விடுமுறையைப் பயன்படுத்திக்கொண்டவர், தன் சொந்த மாநில விடுமுறையை மறுப்பது எடுபடாது.

வழக்கமே இல்லாத ஆட்டமாக இருந்தால்? அப்போது நோக்கம். மூன்றாவது வாசிப்பு முதலில் விழும்: விதி 205இன்படி மாற்றம் நடப்புக்கு வருவது வாக்கெடுப்பு முடியும் ஒரே கணத்தில், ஆளுக்கொரு காலக்கெடு வைத்தால் அந்தக் கணத்தைப் பிடிப்பதே சிரமம். முதல் இரண்டில் நான் முதலாவதைத் தேர்வேன். நாடு முழுவதற்குமான விடுமுறை என்றால் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று துழாவ வேண்டியதில்லை. இதே சண்டைக்கு இன்னோர் ஆட்டத்தில் எதிரான தீர்ப்பு வந்தாலும் இரண்டுமே சரியாக இருக்கலாம் என்பது இதனால்தான்.

"தம்பி சும்மா 10 புள்ளி அடிக்கப் பார்க்கிறான்" என்பதை இந்தக் கட்டத்திலும் கணக்கில் எடுக்காதீர்கள். ஓட்டையைத் தேடுவது நோமிக்கில் குற்றமில்லை. பாதிப் பேர் ஆட வருவதே அதற்குத்தான்.

8. "தீர்க்கவே முடியாது" என்று யாராவது சொன்னால்

விதி 213 ஆபத்தானது. ஆட்டம் மேலே நகர முடியாமல் போனாலோ, ஒரு நகர்வு செல்லுமா என்று இறுதியாக முடிவுசெய்ய முடியாமல் போனாலோ, செல்லும் என்பதும் செல்லாது என்பதும் சமமாகத் தோன்றினாலோ, தன் முறையை முடிக்க முடியாத முதல் ஆட்டக்காரர் வென்றவராகிறார். அதாவது "எனக்கு முடிவு தெரியவில்லை" என்று நீங்கள் எழுதினால், யாரோ ஒருவருக்கு ஆட்டத்தையே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

ஆகவே 213ஐக் கோருகிறவரிடம் இரண்டு தனித்தனி வாதம் கேளுங்கள்: நகர்வு செல்லும் என்பதற்கு ஒன்று, செல்லாது என்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் விதி எண் இருக்க வேண்டும். அப்புறம் 110, 211, வழக்கம், நோக்கம் என்று ஒவ்வொன்றையும் அதன்மேல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 211லேயே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தெளிவில்லாத விதி என்பது வேறு, சமமாகச் செல்லும் செல்லாது என்பது வேறு. முதலாவதற்கு 212இல் மருந்து இருக்கிறது.

9. தீர்ப்பை எழுதுங்கள்

புதிய மடலாக அனுப்புங்கள். நாற்பது பதில் தொங்கும் பழைய இழையின் அடியில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். சப்ஜெக்டில் "தீர்ப்பு" என்ற சொல்லும் முன்மொழிவு எண்ணும் இருக்கட்டும். நம் வழக்கில் பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா, அதாவது அண்ணனுக்கு முந்தைய ஆட்டக்காரர், எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி:

"கேள்வி: முன்மொழிவு 315க்கு ஜூலை 8 காலை 9.40க்கு வந்த ஆதரவு வாக்கு, 305இன் காலக்கெடுவுக்குள் வந்ததா?

விடை: ஆம்.

காரணம்: 305இல் 'பொது விடுமுறை' எது என்ற விளக்கம் இல்லை. மூன்று வாசிப்புகள் சாத்தியம். ஆகவே 212இன்படி ஆட்ட வழக்கத்தைப் பார்த்தேன். 308இல் ஒரு பிரதேசத்தின் விடுமுறை எல்லோருக்கும் கழிக்கப்பட்டது. ஆட்சேபம் எழவில்லை. ஆட்சேபிப்பவரும் அதன்படி நடந்தார். ஆகவே ஜூலை 7 கணக்கில் சேராது. கடைசி நாள் ஜூலை 8.

விளைவு: 315 நிறைவேறியது. ஆதரவு 5, எதிர்ப்பு 1. முன்மொழிந்தவருக்கு 20 புள்ளி. எதிர்த்தவருக்கு 10.

தொடாதவை: வெளிநாட்டு விடுமுறை. 105க்கும் 305க்கும் உள்ள உறவு."

விடையை இரண்டாவது வரியிலேயே போட்டுவிடுங்கள். போனில் படிப்பவர் காரணம் முழுவதையும் உருட்டிக்கொண்டு போக மாட்டார், முதல் பத்தியிலேயே தான் தோற்றுவிட்டதாக நினைத்துப் பதில் அடிக்கத் தொடங்குவார். "விளைவு" பகுதியை விடக் கூடாது. புள்ளிக் கணக்கைச் சொல்லாத தீர்ப்பு அடுத்த நாளே இன்னொரு தீர்ப்பைக் கேட்கும். "தொடாதவை" என்ற வரி சென்னைக்காரரின் பொங்கலை இன்னொரு நாளுக்கு ஒத்திவைக்கிறது.

அறிவுரை வேண்டாம். "இனிமேலாவது தம்பி நேரத்துக்கு..." என்று ஒரு வரி சேர்த்தால், பதில் மடல்கள் எல்லாம் அந்த வரிக்குத்தான் வரும்.

10. அனுப்பிய பிறகு

உங்கள் தீர்ப்பைக் கவிழ்க்க மற்றவர்கள் எல்லோரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும், அதுவும் அடுத்த முறை தொடங்குவதற்கு முன். நாலு பேர் கோபப்பட்டால் கவிழாது. கவிழ்ந்தால், வரிசையில் உங்களுக்கு முந்தையவர் புதிய நடுவர். அவர் உங்களுடைய காரணங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. 1993 முதல் மின்னஞ்சலில் நடக்கும் அகோரா என்ற நோமிக்கில் தீர்ப்புகளுக்கு எண் கொடுத்துச் சேர்த்து வைத்து, பிந்தைய வழக்குகளில் எடுத்துக் காட்டுகிறார்கள். சூபரின் தொடக்க விதிகளில் அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் தீர்ப்புகளைத் தனியே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளை வழக்கத்துக்குச் சான்று தேட வேறு இடம் இருக்காது.

அனுப்பிய தீர்ப்பைத் திருத்தி மறுபடி அனுப்பாதீர்கள். கணக்குப் பிழை என்றால் "பிழைதிருத்தம்" என்று தனி மடல் போட்டு, எந்த எண் எதுவாக மாறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பிரதி உலவும், ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள்.

விதியில் ஓட்டை தெரிந்தால் அதை அடைக்கும் இடம் உங்கள் அடுத்த முறை. 305ஐத் திருத்த "எல்லா ஆட்டக்காரருக்கும் குறைந்தது மூன்று நாள் முன்னதாக மடலில் அறிவிக்கப்பட்ட விடுமுறைகள் மட்டும் கழியும்" என்று முன்மொழியலாம். தோற்றால் 206இன்படி 10 புள்ளி போகும், ஆகவே வாக்கெடுப்புக்கு விடுவதற்கு முன் சொற்களை நாலு பேரிடம் காட்டிவிடுங்கள். கூடிப் பேசுவதைத் தடுக்கும் 210 மின்னஞ்சல் ஆட்டத்துக்குப் பொருந்தாது.